மண்ணை மறவாத மலர்த் தொழில்

மாணவர்களே,

பூவை விரும்பாத மனிதர் இல்லை. ஆயினும் பூ விற்பதைப் படித்துச் செய்ய வேண்டிய ஒரு தொழிலாக எண்ணுபவர் மிகச் சிலரே. மருத்துவராகப் போகிறேன் என்று ஒரு மாணவி கூறினால் வீடே மகிழ்கிறது. பொறியியல் படிக்கப் போகிறேன் என்றாலும் அவ்வாறே. பூக்கடை வைக்கப் போகிறேன் என்று அவள் கூறினாலோ, பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். இந்த மௌனம் நியாயமானதா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

நம் முன் இரண்டு வினாக்கள் உள்ளன. செடி கொடிகளை நேசிக்கும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், அந்த அன்பையே தம் பிழைப்புக்கு வழியாக ஆக்கிக்கொள்ள இயலுமா? இயலுமாயின், நிலத்தையும் நீரையும் உழைப்பவர் உடலையும் கெடுக்காமல் அத்தொழிலை நடத்த இயலுமா? முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாம் வினாவே கடினமானது. செடியை நேசிப்பவர் பூவைப் பறிக்கத் தயங்குவார். பூ வாணிகரோ பறித்த பூவைக்கொண்டே வாழ வேண்டும். அன்பு, வாணிகம் என்னும் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே கடையில் குடியிருக்கும் வழியைக் காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் வீட்டைப் பற்றிக் கூறுகிறேன். செடி வளர்க்கும் வீடு ஒரு பள்ளிக்கூடம். அங்கே பாடநூல் இல்லை. ஆனால் பாடம் உண்டு. பவளமல்லி இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும். ஆதலின் அதைப் பறிக்க வேண்டுவதில்லை, மரத்தடியில் துணி விரித்துப் பொறுக்கிக்கொண்டால் போதும் என்று பாட்டி சொல்லித் தருகிறாள். மல்லிகையை மொட்டாகவே பறிக்க வேண்டும், அது மாலையில்தான் வாய் திறக்கும் என்று தாய் கூறுகிறாள். கனகாம்பரத்துக்கு மணமில்லை, ஆனால் நெடுநேரம் வாடாது; எனவே மணமுள்ள மரிக்கொழுந்தை அதனுடன் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பது அத்தையின் கைப்பழக்கம். அரிசி கழுவிய நீர் எந்தச் செடிக்குப் போகும், கார்த்திகை கழிந்ததும் எந்தக் கொடியைக் கவாத்து செய்ய வேண்டும், அரளியின் பால் ஏன் வாயிலும் கண்ணிலும் படலாகாது என்பனவெல்லாம் இவ்வாறே கைமாறி வருகின்றன. தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இவற்றைக் கேட்டால், இவை ஒவ்வொன்றுக்கும் அறிவியற் காரணம் உண்டு என்றே கூறுவார்.

நம் மொழியும் இந்த அறிவுக்குச் சான்று பகர்கிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்வைப் பல படிகளாகப் பிரித்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வருகின்றன. இவ்வளவு பெயர்களைப் படைத்த ஒரு சமுதாயம், பூக்களைக் கண்ணால் மட்டும் கண்டிருக்க இயலாது. அவற்றோடு நெருங்கிப் பழகியிருக்க வேண்டும். இன்று அடுக்குமாடி வீடுகள் பெருகிவருகின்றன, கொல்லைப்புறம் குறைந்துவருகிறது. ஒரு தலைமுறை கற்றுத் தராமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குப் பெயர் மட்டும் மிஞ்சும். அதற்கடுத்த தலைமுறைக்குப் பெயரும் மிஞ்சாது. இந்த அறிவு தொழிலாக மாறினால் பிழைக்கும். பொழுதுபோக்காகவே நின்றால் பலருடைய வீடுகளில் மறைந்துவிடும். மலர்த் தொழிலைப் பற்றி மாணவர்களிடம் பேசுவதற்கு இதுவே முதற் காரணம்.

பூந்தோட்டமும் பூமாலையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த காலத்தை நாம் அறிவோம். திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, அங்கு மலர்ந்த பூக்களைத் தாமே தொடுத்து இறைவனுக்குச் சாத்தி வந்தார் என்றும், அந்நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தையே ஆண்டாள் என்றும் வைணவ மரபு கூறும். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனத் தொண்டு புரிந்தவரே. சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கும் அதைப் பேணுவோருக்கும் நிலம் விடப்பட்ட செய்திகள் காணப்படுகின்றன. பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துத் தொழில் நோக்கில் இவற்றைப் பார்த்தாலும் ஓர் உண்மை புலப்படும். வளர்த்த கையே பறித்தது. பறித்த கையே தொடுத்தது. மண்ணுக்கு எவ்வளவு உரம் இட்டோம், செடிக்கு எத்தனை பூவை விட்டுவைத்தோம் என்பது மாலை தொடுப்பவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றோ வளர்ப்பவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர், சந்தையில் ஏலம் எடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், சூடுபவர் ஒருவர். இத்தனை கைகள் சேர்வதில் தவறில்லை. ஒரு கைக்கு மற்றொரு கையின் செய்கை தெரியாமற் போனதுதான் தொல்லை. மண்ணை மறவாத மலர் வாணிகர் என்று நான் கூறுவது, அறுந்துபோன இந்த அறிவுச் சங்கிலியை மீண்டும் இணைப்பவரையே.

இனி நம் நாட்டுப் பூ வாணிகம் நடைபெறும் முறையைக் காண்போம். மதுரை மாட்டுத்தாவணி, திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை, ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம், கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை ஆகியவை பெயர்பெற்ற பூச்சந்தைகள். குண்டுமல்லியின் ஒரு நாள் வாழ்வைக் கவனியுங்கள். பொழுது புலர்வதற்கு முன்பே தோட்டத்தில் மொட்டுப் பறிக்கத் தொடங்குகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் மொட்டு தளரும். காலையில் மூட்டைகள் சந்தைக்கு வருகின்றன. முற்பகலில் அவை சில்லறைக் கடைகளுக்குப் போய்ச் சரமாகின்றன. மாலையில் முழக் கணக்கில் விற்பனை. இரவில் மொட்டு விரிந்து மணக்கிறது. மறுநாள் காலை அது வாடிய பூ. இருபத்துநான்கு மணி நேரத்தில் பிறப்பும் வாழ்வும் முடிவும் அடங்கிய சரக்கு அது. நெல்லைப் போலக் குதிரில் இட்டுவைக்க இயலாது. இதனாலேயே விலை ஊஞ்சலாடுகிறது. கோடையில் பூ குவிந்து விலை விழும். மார்கழி, தை மாதப் பனியில் செடி அரும்பாமல் முகூர்த்த நாளும் நெருங்கும்போது ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதும் உண்டு.

இத்தொழிலின் பெருமைக்கு அரசின் முத்திரையும் கிடைத்துள்ளது. மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் அதே சிறப்புக் கிட்டியது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து வரிசையாகப் பின்னி, மணிகள் பதித்த அணிகலன் போலத் தோன்றச் செய்யும் கலை அது. கவனியுங்கள்: விலையுயர்ந்த அயல்நாட்டு மலர் எதுவும் அதில் இல்லை. வறண்ட நிலத்திலும் வளரும் அரளியும், வேலியோரத்து நொச்சியுமே அதன் மூலப்பொருள்கள். மதிப்பு முழுவதும் கைத்திறனால் வந்தது.

மண்ணை மறவாமை என்பதை இன்றைய அறிஞர் 'நீடித்த வளர்ச்சி' என்னும் சொற்றொடரால் குறிக்கின்றனர். நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் அமைத்த குழு 1987இல் வெளியிட்ட அறிக்கையால் இக்கருத்து உலகெங்கும் பரவியது. இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்ளும்போது, நாளைய தலைமுறையின் தேவைக்கு இடையூறு செய்யலாகாது என்பதே அதன் சாரம். இதைப் பூக்கடைக்குப் பொருத்தினால் நான்கு கேள்விகள் பிறக்கின்றன. பூ எவ்வாறு வளர்ந்தது? எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டு வந்தது? எதனோடு சேர்த்துக் கட்டப்பட்டது? வாடியபின் எங்கே போகிறது? இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வளர்ப்பு. மல்லிகைக்குப் பகைகள் பல. மொட்டைத் துளைக்கும் புழு ஒன்று. மொட்டினுள் முட்டையிட்டு அதைச் சிவக்கச் செய்து வாடவைக்கும் சிறு ஈ மற்றொன்று. இலையின் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன் வேறொன்று. இவற்றுக்கு அஞ்சி, மீண்டும் மீண்டும் நச்சு மருந்து தெளிப்போர் உண்டு. பூ உண்ணும் பொருள் அன்று என்பதால், காய் கனிகளில் நச்சு எச்சத்தைச் சோதிப்பது போல் பூவில் எவரும் சோதிப்பதில்லை. ஆனால் பூ கூந்தலில் ஏறுகிறது. குழந்தையின் கழுத்தில் விழுகிறது. நாள் முழுதும் பூக்கட்டும் பெண்ணின் விரல்களில் படிகிறது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் ரோஜா, செர்பெரா, சாமந்தி ஆகிய பூங்கொத்துகளில் 90 மாதிரிகளைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தம் 107 வகை மருந்துப் பொருள்களின் எச்சம் காணப்பட்டது. தொடர்ந்து பூவைக் கையாளும் கடைக்காரர்களுக்கே இதனால் மிகுதியான தீங்கு நேரக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. மொட்டைக் கெடுக்கும் ஈயின் புழு, மண்ணில் விழுந்தே கூட்டுப்புழுவாகிறது. ஆகவே செடியின் அடிமண்ணைக் கிளறி வெயிற்படச் செய்தாலும், வேப்பம்பிண்ணாக்கு இட்டாலும், தாக்குண்ட மொட்டுகளை உடனே பறித்து அழித்தாலும் அதன் பெருக்கம் குறையும். ஆண்டு முடிவில் செடியைக் கவாத்து செய்து, நோயுற்ற கிளைகளை நீக்கி, வெளிச்சமும் காற்றும் உட்புக விட்டால் மற்றப் பகைகளும் தளரும். நெருக்கி நட்ட செடி நோயை அழைக்கும்; உரிய இடைவெளி விட்ட செடி மருந்தைக் குறைக்கும். இவ்வாறு வளர்க்கும் உழவருக்கு உழைப்பு மிகுதி. அவர் பூவுக்குச் சற்றுக் கூடுதல் விலை தந்து, ஆண்டு முழுதும் வாங்குவதாக உறுதி கூறும் வாணிகர் ஒருவர் இருந்தால்தான் அவர் இம்முறையில் நிலைப்பார். மருந்தைக் குறைக்கும் ஆற்றல் தோட்டத்தில் மட்டும் இல்லை, கடையிலும் இருக்கிறது.

இரண்டாவது, ஆற்றற் செலவு. அருகில் விளைந்தது நன்று, தொலைவில் விளைந்தது தீது என்று பொதுவாகக் கூறிவிடலாம். ஆனால் அறிவியல் அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2007இல் ஓர் ஒப்பீடு செய்தனர். கென்யாவில் வெயிலின் துணையால் விளைந்து, விமானத்தில் இங்கிலாந்துக்கு வரும் 12,000 ரோஜாக்களால் ஏறத்தாழ 6,000 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அருகிலுள்ள நெதர்லாந்தில் கண்ணாடி மனைக்கு வெப்பமூட்டி விளக்கேற்றி வளர்க்கும் அதே எண்ணிக்கை ரோஜாக்களால் வெளியாவதோ ஏறத்தாழ 35,000 கிலோ! தொலைவை மட்டும் பார்த்தவர் ஏமாந்திருப்பார். ஆயினும் கென்யாவின் நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் ஏரி நீரைப் பெரிதும் நம்பியிருக்கின்றன என்பதையும் மறத்தலாகாது. காற்றில் மிச்சமானது நீரில் செலவாகக்கூடும். ஆகவே ஒரே ஓர் அளவுகோலால் நன்மை தீமையைத் தீர்ப்பது தவறு.

இந்த வகையில் நம் நாட்டுக்கு ஒரு பேறு உண்டு. மல்லிகைக்கும் முல்லைக்கும் கனகாம்பரத்துக்கும் வெப்பமூட்ட வேண்டுவதில்லை; கதிரவனே கூலியின்றி அப்பணியைச் செய்கிறான். காலையில் பறித்தது மாலையில் அதே மாவட்டத்தில் விற்றுவிடுகிறது. துலுக்கச் சாமந்தியும் சம்பங்கியும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தவை. எனினும் நம் வெயிலோடும் மண்ணோடும் ஒத்துப்போய்விட்டன. ஒரு பூ எங்கே பிறந்தது என்பதைவிட, இங்கே வலிந்து காப்பாற்றாமல் வளர்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, பூவோடு சேரும் பொருள்கள். இங்கேதான் நாம் வழி தவறத் தொடங்கியுள்ளோம். மேசை அலங்காரங்களிலும் மணமேடை அலங்காரங்களிலும் 'ஃபோம்' என்று கடைக்காரர் கூறும் பச்சை நிறக் கட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, குத்திய காம்பை அசையாமல் நிறுத்தும் இக்கட்டியை 1954இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வெர்னன் சுமிதர்ஸ் என்பவர் உருவாக்கினார். வசதியான பொருள்தான், ஐயமில்லை. ஆனால் அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ஒருவகைப் பிளாஸ்டிக். விரலால் நசுக்கினால் பொடியாகும். அப்பொடி நீரோடு சாக்கடையில் கலந்து, ஆற்றில் நுண்துகள்களாக மிதக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நீர்வாழ் சிற்றுயிர்கள் அத்துகள்களை உண்பதையும், அவற்றிலிருந்து கசியும் பொருள்கள் அவ்வுயிர்களுக்குத் தீங்காவதையும் காட்டினர். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் மலர்க் காட்சிகளில் 2021 முதல் இக்கட்டியைத் தடை செய்தது.

அது இல்லாமல் அலங்காரம் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர், அது தோன்றுவதற்கு முன்பு உலகம் எவ்வாறு அலங்கரித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜப்பானியர் தம் இக்கெபானா கலையில் 'கென்சான்' என்னும் ஊசித் தட்டைப் பயன்படுத்துகின்றனர். ஒருமுறை வாங்கினால் நெடுங்காலம் உழைக்கும். கம்பிவலையைச் சுருட்டிக் குடுவைக்குள் வைத்தாலும் காம்பு நிற்கும். நம் ஊரில் வாழைத்தண்டு இருக்கிறது. துண்டாக நறுக்கி நிறுத்தினால், ஈரமும் தரும், பிடிப்பும் தரும், விழா முடிந்ததும் எருக்குழிக்குப் போகும். தட்டில் பரப்பிய ஈர மணலும் அவ்வாறே உதவும்.

சரம் கட்டும் நாரையும் நோக்குங்கள். வாழை மட்டையை உலர்த்தி, நனைத்து, மெல்லியதாகக் கிழித்தால் நார் ஆகிறது. ஈரநார் காம்பை அறுக்காமல் பிடிக்கிறது. பூவுக்குக் குளிர்ச்சியும் தருகிறது. பூவோடு அதுவும் மட்கிவிடுகிறது. வாழையிலையும் தாமரையிலையும் நாம் கண்ட பொட்டலத் தாள்கள். அவற்றின் இடத்தில் பிளாஸ்டிக் பையும் செயற்கை இழையும் மின்னும் தாளும் வந்துவிட்டன. தமிழ்நாட்டு அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021இல் மஞ்சள் பையை மீண்டும் கையில் எடுக்கும்படி ஓர் இயக்கமும் தொடங்கியது. சட்டம் வழிகாட்டும், நாரைக் கிழிக்கக் கற்ற கைதான் அவ்வழியில் நடக்கும்.

நான்காவது, வாடிய பூ. இதை ஒரு கணக்கின் மூலம் விளக்குகிறேன். ஒரு கடைக்காரர் நாள்தோறும் பத்துக் கிலோ மல்லிகை வாங்குகிறார் என்றும், விலை கிலோ 400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ விற்காமல் வாடினால் நாளொன்றுக்கு 800 ரூபாய் இழப்பு. ஆண்டில் 300 நாள் கடை திறந்தால் 2,40,000 ரூபாய் குப்பைக்குப் போகிறது. வழக்கமாக வாங்குவோரிடம் முன்னாளே கேட்டறிந்து, தேவையை ஒட்டி வாங்கி, வாடுவதை அரைக் கிலோவாகக் குறைத்தால் நாளுக்கு 600 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் மிச்சம். மண்ணுக்கு நல்லது செய்தால் கைக்கு நட்டம் என்று கூறுவோருக்கு இக்கணக்கே விடை. வீணாக்காமை அறமும் ஆகும்; வாணிகமும் ஆகும். எஞ்சிய அரைக் கிலோவையும் இலை தழைகளோடு எருக்குழியில் இட்டால் உரமாகித் தோட்டத்துக்குத் திரும்பும். வட நாட்டில் கான்பூரில், கோயில்களில் குவியும் பூக்களைக் கங்கையில் எறியாமல் சேர்த்து ஊதுவத்தி செய்து விற்கும் தொழில் வெற்றியுடன் நடைபெற்று வருகிறது.

பூவின் ஆயுளை நீட்டுவதும் வீணாக்காமையின் ஒரு பகுதியே. காம்பை வெட்டியதும் அதன் நீர்க்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. ஆகவே நீரில் வைக்குமுன் காம்பின் நுனியைக் கூரிய கத்தியால் மீண்டும் சாய்வாக வெட்ட வேண்டும். நீருக்குள் இலை இருந்தால் அழுகி நுண்ணுயிர்கள் பெருகிக் குழாயை அடைக்கும். ஆகவே கீழிலைகளை நீக்கி, நாள்தோறும் நீர் மாற்ற வேண்டும். பழுத்த பழங்கள் எத்திலீன் என்னும் வாயுவை விடும். அது பல மலர்களை விரைவில் முதுமை அடையச் செய்யும். ஆகவே பூச்சாடியின் அருகே வாழைப்பழச் சீப்பை வைக்கலாகாது. இவை சிறிய செய்திகள். ஆனால் இவற்றை அறிந்தவர் விற்கும் பூ இரண்டு நாள் கூடுதலாக வாழும். வாங்கியவர் மீண்டும் அவரையே தேடி வருவார்.

இனி, இத்தொழிலில் ஓர் ஆசிரியை கண்ட புதுவழியைக் கூற விரும்புகிறேன். இங்கிலாந்தில் 1886இல் பிறந்த கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை, இலண்டனின் கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் பெண்களுக்கான ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். சமையலும் தையலும் கற்பித்த அப்பள்ளியில் பின்னர் மலர் அலங்காரத்தையும் கற்பித்தார். 1929இல் தாமே பூக்கடை திறந்தார். செல்வர்கள் விலையுயர்ந்த மலர்களையே நாடிய காலத்தில், வேலியோரக் கொடியையும் காட்டுச் செடியின் காயையும் கீரை வகையின் இலையையும் சேர்த்து அவர் அமைத்த அலங்காரங்கள் இலண்டனை வியக்கவைத்தன. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா மலர் அலங்காரத்திலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவர் 1960இல் மறைந்தார். அருகில் கிடைப்பதை, அந்தப் பருவத்தில் கிடைப்பதை, பிறர் களை என்று ஒதுக்கியதை அழகாக்கிக் காட்டலாம் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

நாமும் அவ்வாறு செய்ய இயலும். பருவத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கடையில் தொங்கவிடலாம். கோடையில் மல்லிகை மலிவு. அப்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். பனிக்காலத்தில் மல்லிகையை விடாது தேடி அலையாமல், சாமந்தியையும் கோழிக்கொண்டையையும் துளசியையும் மருக்கொழுந்தையும் கொண்டு கதம்பம் கட்டலாம். நொச்சி, மாவிலை, வேப்பிலை, தென்னங்குருத்து ஆகியவற்றுக்கு மேடையை நிறைக்கும் ஆற்றல் உண்டு. தென்னங்குருத்துத் தோரணத்தின் அழகை வெல்லும் பிளாஸ்டிக் தோரணம் இன்னும் பிறக்கவில்லை. பூங்கொத்துக்கு மாற்றாக நாற்றோடு கூடிய மண்தொட்டியைப் பரிசாகத் தரும்படி வாங்குவோரைத் தூண்டலாம். கொத்து சில நாளில் வாடும். செடி ஆண்டுதோறும் பூக்கும்.

இதுவரை மண்ணைப் பற்றியும் மலரைப் பற்றியும் பேசினேன். மனிதரை மறந்த தொழில் மண்ணை மட்டும் காத்துப் பயனில்லை. இருட்டில் எழுந்து மொட்டுப் பறிப்போரும், தெருவோரத்தில் வெயிலில் அமர்ந்து சரம் தொடுப்போரும் பெரும்பாலும் பெண்களே. விலை ஏறினால் அவர்கள் கூலி ஏறுவதில்லை. விலை விழுந்தால் அவர்கள் வேலை முதலில் போகிறது. அவர்களுக்கு நிழலும் குடிநீரும் முறையான கூலியும் தருவது, வேப்பம்பிண்ணாக்கு இடுவதைப் போலவே இத்தொழிலின் நிலைபேற்றுக்கு இன்றியமையாதது. மாணிக்கமாலை பின்னும் விரல்கள் சோர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டால், அரளியும் நொச்சியும் இருந்தும் என்ன பயன்?

தடைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. திருமண வீட்டார், எந்தப் பருவமாயினும் சிவப்பு ரோஜாவே வேண்டும் என்பர். அடுத்த கடைக்காரர் ஃபோம் கட்டியைக்கொண்டு அரை மணி நேரத்தில் முடிப்பதை நீங்கள் வாழைத்தண்டைக்கொண்டு ஒரு மணி நேரம் செய்ய நேரும். வந்தவரையெல்லாம் மறுத்து அனுப்பினால் கடை நிலைக்காது. ஆதலின் படிப்படியாகச் செல்ல வேண்டும். முதலாண்டில் பிளாஸ்டிக் உறையை நீக்குங்கள். அடுத்த ஆண்டில் ஃபோமை நீக்குங்கள். பின்னர், மருந்து குறைத்து வளர்க்கும் இரண்டு மூன்று உழவரோடு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். ரோஜா கேட்பவரிடம் ஒசூர்ப் பகுதியில் விளைந்த ரோஜாவைக் காட்டி, அதனோடு நம் ஊர்ப் பூவையும் கலந்து ஒரு மாதிரி செய்து தாருங்கள். வாங்குபவர் கண்ணால் கண்டதையே நம்புவார், அறிவுரையை நம்பார்.

இத்தொழிலுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? தாவரவியல் செடியின் வாழ்வைச் சொல்லும். வேதியியல் மருந்தின் இயல்பையும் வாயுவின் இயல்பையும் சொல்லும். கணக்கு, விலை ஏற்ற இறக்கத்தில் கை நடுங்காமல் காக்கும். தமிழ், பூவின் பெயரையும் பருவத்தையும் நினைவூட்டும். தோட்டக்கலையைப் பட்டப்படிப்பாகவே கற்க விரும்புவோருக்குக் கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பெரியகுளத்திலுள்ள அதன் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. வேளாண் அறிவியல் நிலையங்கள் உழவருக்கும் இளைஞருக்கும் பயிற்சி அளிக்கின்றன. இவற்றுக்கு முன்னதாக, உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களை அணுகுங்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்து, அவர்கள் வளர்த்த செடிகளின் பெயர், பூக்கும் மாதம், நீர் விடும் முறை, கட்டும் முறை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த நூலகத்திலும் கிடைக்காத நூல் அது. அதை எழுதும் காலம் இன்று இருக்கிறது. என்றும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

செடியை நேசிப்பவர் பூவைப் பறிக்கலாமா என்று தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு, மல்லிகைச் செடியே விடை கூறுகிறது. உரிய காலத்தில் அளவோடு கவாத்து செய்தால் அது மேலும் தழைக்கும். வெட்டாமல் விட்டால் கிளை நீண்டு பூ குறையும். அளவு மீறி வெட்டினால் பட்டுப்போகும். எடுப்பதற்கு ஓர் அளவு, கொடுப்பதற்கு ஒரு முறை என்பதை அறிந்தவர் கையில் வாணிகம் அன்பைக் கெடுப்பதில்லை. உங்களில் ஒருவர் நாளை பூக்கடை திறந்து, 'இந்தப் பூ எந்தத் தோட்டத்தில் விளைந்தது, யார் பறித்தார், எதனால் கட்டினோம், வாடினால் எங்கே போகும்' என்னும் நான்கு கேள்விகளுக்கும் வாங்குபவரிடம் தயங்காமல் விடை கூறும் நாள் வருமாயின், அக்கடையில் ஒரு முழம் பூ வாங்குபவர் ஒரு முழம் அறிவையும் சேர்த்தே வாங்கிச் செல்வார்.